விதைநெல்லாக ஒரு காடு

உகண்டாவின் தலைநகர் கம்பாலாவிலிருந்து வடக்கே குலு நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஸிவா காண்டாமிருகக் காப்பகம் இருக்கிறது. ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணையாக இருந்த, ஏறத்தாழ 7,000 ஹெக்டேர் பரப்புள்ள புல்வெளி அது. மர்ச்சிசன் அருவியைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் இங்கே இறங்கி, காவலர் முன்னே செல்ல, நடந்தே போய்க் காண்டாமிருகங்களைப் பார்க்கிறார்கள். உகண்டாவின் சொந்தக் காண்டாமிருகங்களில் கடைசியானது 1980களின் தொடக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டது. இப்போது ஸிவாவில் மேய்கிறவை வரவழைக்கப்பட்டவையும் அவற்றின் வாரிசுகளும்தான். 2005இல் கென்யாவின் சோலியோ பண்ணையிலிருந்து நான்கு வந்தன. அடுத்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து, டிஸ்னி நிறுவனத்தின் விலங்குப் பூங்கா அனுப்பிய இரண்டு வந்து சேர்ந்தன. 2009 ஜூனில் முதல் கன்று பிறந்தது. தகப்பன் கென்யாவிலிருந்து வந்தது, தாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்த ஆண்டில் அப்படிப்பட்ட கன்றுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஒபாமா.

ஒபாமாவின் தாய் வழியையும் தகப்பன் வழியையும் பின்னோக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் போய் நிற்கும். தென்னாப்பிரிக்காவில் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் உள்ள ஒரு முட்காடு அது. ஸிவா மட்டுமல்ல. க்ரூகர் தேசியப் பூங்காவில் மேய்வது, லண்டனுக்கு அருகே விப்ஸ்னேடில் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பது, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் கன்று ஈன்றது என்று, உலகில் இன்று உயிரோடிருக்கும் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் எதுவாக இருந்தாலும் அதன் மூதாதை இந்தக் காட்டில்தான் தப்பிப் பிழைத்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அந்த இனத்தில் மிஞ்சியிருந்தவை சில பத்துகள்தான். ஐம்பதைத் தாண்டியிருக்காது என்பது பொதுவான கணிப்பு.

அந்தக் காட்டின் பெயர் இம்ஃபொலோசி. கறுப்பு இம்ஃபொலோசி, வெள்ளை இம்ஃபொலோசி என்ற இரண்டு ஆறுகள் அங்கே ஒன்று கலக்கின்றன. வடக்கே உள்ள ஹ்லுஹ்லுவே காட்டோடு சேர்த்து இன்று அது ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசி பூங்கா. பரப்பு சுமார் 96,000 ஹெக்டேர். டர்பன் நகரிலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழி நெடுகக் கரும்புத் தோட்டங்கள். அதே நேட்டால் கடற்கரையின் கரும்புக்காகத்தான் 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. டர்பனில் தமிழ்ப் பெயர்கள் இன்னும் கண்ணில் படுவது அதனால்தான்.

இன்று போகிறவர்கள் நியலாஸி வாயிலில் நுழைந்து, தார்ச் சாலையில் மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டே இரண்டு வகைக் காண்டாமிருகங்களையும் தேடலாம். பெயரில் கறுப்பு, வெள்ளை என்று இருந்தாலும் இரண்டும் சாம்பல் நிறம்தான். புரண்டெழுந்த சேற்றின் நிறம் மேலே ஏறியிருக்கும். வாயைத்தான் பார்க்க வேண்டும். வெள்ளைக்கு அகன்ற, தட்டையான உதடு. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு புல்லை மழித்துக்கொண்டே போகும். கறுப்புக்குக் கூரான மேலுதடு. அது புதருக்குள் நின்று இலையைப் பறித்துத் தின்னும். வெள்ளையின் கன்று தாய்க்கு முன்னால் ஓடும், கறுப்பின் கன்று பின்னால் வரும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கறுப்பு கோபக்காரன். வெள்ளை இரண்டு டன் எடையோடு சாதுவாக மேயும். துப்பாக்கியோடு வந்தவர்களுக்கு அந்தச் சாதுத்தனமே வசதியாகப் போயிற்று.

ஆறுகள் கூடுமிடத்துக்கு அருகே சூலு அரசர் ஷாகாவின் வேட்டைக் குழிகள் இருந்ததாக அந்த மக்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. அரசன் அனுமதித்தால் மட்டுமே அங்கே வேட்டை. வெள்ளைக்காரர்கள் வந்து சட்டம் போட்டுத்தான் ஆப்பிரிக்காவில் காட்டு விலங்குகள் காப்பாற்றப்பட்டன என்று எழுதுகிற புத்தகங்கள் இந்தக் குழிகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் சமவெளிகளில் லட்சக்கணக்கில் திரிந்திருக்கக்கூடிய வெள்ளைக் காண்டாமிருகத்தை அறிவியல் உலகுக்கு வில்லியம் பர்ச்செல் விவரித்து எழுதியது 1817இல். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இனமே ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. வேட்டைக்காரர்களின் துப்பாக்கி எட்டிய இடமெல்லாம் அது அழிந்தது, எட்டத் தயங்கிய ஓரிடத்தில் மட்டும் மிஞ்சியது.

ஏன் தயங்கியது என்பதில்தான் இந்தக் காட்டின் கதையே இருக்கிறது. காரணம் ஒரு ஈ.

1894 என்ற ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம். டர்பனில் காந்தி நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டில் இம்ஃபொலோசியில் ஆறு வெள்ளைக் காண்டாமிருகங்கள் சுட்டு வீழ்த்தப்பட்ட செய்தி வெளியானது. அழிந்தேவிட்டது என்று பலரும் நினைத்திருந்த விலங்கு இருப்பது தெரியவந்ததும், அது கொல்லப்பட்டதும் ஒரே செய்தியாக வந்தன. அந்த ஆண்டின் இறுதியில், பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் தன் மனைவி மேரியுடன் வடக்கு சூலுலாந்தின் உபோம்போ மலைக்கு வந்து சேர்ந்தார். கால்நடைகளைக் கொன்றுகொண்டிருந்த நகானா என்ற நோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பது அவருக்கு இடப்பட்ட பணி. நோயுற்ற மாடுகளின் இரத்தத்தில் நெளிந்த ஒட்டுண்ணியை அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். அதைச் சுமந்து பரப்புவது செட்சி ஈ என்றும், அந்த ஈ அந்த ஒட்டுண்ணியைக் காட்டு விலங்குகளின் இரத்தத்திலிருந்து எடுத்துவருகிறது என்றும் காட்டினார். அந்த ஒட்டுண்ணிக்கு இன்றும் அவர் பெயர்தான், டிரைப்பனோசோமா புரூசீ.

மறு ஆண்டு, 1895 ஏப்ரலில், பிரிட்டிஷ் நிர்வாகம் இம்ஃபொலோசி, ஹ்லுஹ்லுவே காடுகளைக் காப்பகங்களாக அறிவித்தது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்கள் என்று இன்று பெருமையோடு சொல்லப்படுபவை இவை. ஆனால் அதுவரை காண்டாமிருகத்தைக் காத்தது சட்டம் இல்லை. ஈ இருந்த இடத்தில் மாடு நிற்காது, குதிரை நிற்காது. மாடும் குதிரையும் இல்லாமல் பண்ணைக்காரனுக்கு அங்கே வேலையில்லை. எவருக்கும் பயன்படாத நிலம் என்று எல்லோரும் கைவிட்டதால் பிழைத்த காடு இது. அதைக் காப்பாற்றிய ஈயே பிறகு அதற்கு வினையாகவும் வந்தது.

முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வெள்ளைச் சிப்பாய்களுக்கு அரசு நிலம் கொடுத்தது. சூலுலாந்தில் காடுகளை ஒட்டியும் கொடுத்தது. அவர்களுடைய மாடுகள் நகானாவில் விழத் தொடங்கின. புரூஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தார் அல்லவா, நோய் காட்டு விலங்குகளின் இரத்தத்தில் இருக்கிறது என்று? அப்படியானால் காட்டு விலங்குகளே இல்லாமல் செய்துவிட்டால் போகிறது. பண்ணைக்காரர்களின் இந்தக் கணக்கு அரசியல் கோரிக்கையானது, பிறகு அரசின் கொள்கையானது. காப்பகத்தைச் சுற்றியும் அதற்குள்ளேயும் துப்பாக்கிக்காரர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். வரிக்குதிரை, காட்டெருமை, மான் என்று எதையும் விடவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் இப்படிச் சுடப்பட்டவை ஒரு லட்சத்துக்கும் அதிகம். இம்ஃபொலோசியின் நிர்வாகமே 1930களில் கால்நடைத் துறையின் கைக்குப் போயிற்று. விலங்குகளைக் காக்க ஏற்பட்ட இடத்தில் விலங்குகளைக் கொல்வது அரசாங்க வேலையாக நடந்தது.

இவ்வளவிலும் காண்டாமிருகத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. அரிய விலங்கு என்ற பெயர் அதைக் காத்தது. சுற்றிலும் எல்லாம் விழ, அது மட்டும் நின்றது.

துப்பாக்கிக்கு மாற்றும் ஒருவர் கண்டுபிடித்தார். பூச்சியியலாளர் ஹாரிஸ், ஈ தன் இரையை எப்படித் தேடுகிறது என்று கவனித்தார். செட்சி ஈ பெரிய, இருண்ட உருவத்தை நோக்கி வரும், அதன் அடிவயிற்றுப் பக்கமாகப் போய் உட்காரும், பிறகு வெளிச்சம் தெரியும் பக்கம் மேலே பறக்கும். அவர் மரச்சட்டத்தில் சாக்குத் துணியைப் போர்த்தி, காலில்லாத ஒரு மாட்டுடம்பு போல மரங்களுக்கிடையே தொங்கவிட்டார். அடியில் திறப்பு, மேலே வலைக் கூண்டு. ஈக்கள் லட்சக்கணக்கில் சிக்கின. ஆனாலும் ஒழியவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு விமானங்கள் காட்டின் மேல் தாழப் பறந்து டிடிடி பூச்சிக்கொல்லியைத் தூவின. 1950களின் தொடக்கத்தில் சூலுலாந்தின் இந்தப் பகுதியில் செட்சி ஈ ஒழிந்தது. டிடிடி வேறு எதையெல்லாம் ஒழித்தது என்று அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஈ போனதும் காட்டுக்கு இருந்த இயற்கை வேலியும் போயிற்று. மாடுகள் இப்போது எல்லை வரை வரலாம், வந்தன.

அந்தச் சமயத்தில்தான் இயன் பிளேயர் அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தார். கோல்ஃப் வீரர் கேரி பிளேயரின் அண்ணன். போரில் இத்தாலியில் இருந்தவர். 1951இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ஆற்றில் துடுப்புப் படகுப் போட்டி ஒன்றைத் தொடங்கி, தானே அதில் கலந்துகொண்டு, வழியில் பாம்புக் கடிபட்டும் ஆறு நாளுக்கு மேல் துழாவி ஒற்றை ஆளாகக் கரை சேர்ந்தவர். மற்றவர்கள் பாதியிலேயே விலகிவிட்டார்கள். இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது ஊகிக்கக்கூடியதுதான். 1953இல் சிறிய விமானம் ஒன்றில் பறந்து அவர் வெள்ளைக் காண்டாமிருகங்களை எண்ணினார். 437.

காட்டை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மக்குபு ந்தொம்பேலா. எழுதப் படிக்கத் தெரியாத சூலு முதியவர். சிறு வயதிலிருந்தே அந்தக் காட்டில் வேலை பார்த்தவர். எந்தத் தடம் எந்த விலங்குடையது, எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிளேயர் அவரைத் தன் ஆசான் என்றே கடைசிவரை சொல்லிவந்தார், அவரைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். இதைப் படிக்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. கூடவே, நிறவெறி ஆட்சியில் காட்டைத் தெரிந்தவர் சுமை தூக்கியாகவும் தெரியாதவர் அதிகாரியாகவும் இருந்த ஏற்பாட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து நகரத்து ஆட்களைக் காட்டுக்குள் கால்நடையாக அழைத்துப் போகத் தொடங்கினார்கள். சாலையோ கட்டடமோ கூடாது என்று இம்ஃபொலோசியின் ஒரு பகுதி தனியே ஒதுக்கப்பட்டது. இன்றும் அங்கே வண்டி போகாது. துப்பாக்கி ஏந்திய இரண்டு காவலர்களோடு, திறந்த வெளியில் படுத்து, இரவில் முறை வைத்துக் கண்விழித்துத்தான் சுற்றிப் பார்க்க வேண்டும்.

437 என்பது நல்ல செய்திதான், கெட்ட செய்தியும்கூட. வேலிக்குள் புல் போதாமல் போகத் தொடங்கியிருந்தது. அதைவிடப் பெரிய அச்சம் வேறு. தெற்கத்திய வெள்ளை இனம் மொத்தமும் இந்தக் காட்டிலும் அதன் ஓரங்களிலும் மட்டுமே இருந்தது. ஒரு தொற்றுநோய் வந்தால் எல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும். விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைத்து வீட்டுக்குள் தீயைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும் நிலை. பிளேயருக்கும் நேட்டால் பூங்கா வாரியத்துக்கும் ஒரே வழிதான் தெரிந்தது. எடுத்து ஊருக்கு ஊர் கொடுத்துவிட வேண்டும்.

கொடுப்பது என்று முடிவு செய்வது எளிது. இரண்டு டன் எடையுள்ள, முட்புதருக்குள் நிற்கும் விலங்கை உயிரோடு பிடித்து லாரியில் ஏற்றுவது எப்படி? அதுவரை யாருக்கும் தெரியாது.

1960இல் தொடங்கியது அந்த முயற்சி. நைரோபியில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் டோனி ஹார்ட்டூர்ன் துணைக்கு வந்தார். துப்பாக்கியில் குண்டுக்குப் பதில் மருந்து ஏற்றிய ஊசி. தொடக்கத்தில் கையாண்ட மருந்துக் கலவைகள் மெதுவாகவே வேலை செய்தன. ஊசி பட்டதும் விலங்கு ஓடத் தொடங்கும். மயக்கம் ஏறுவதற்குள் பள்ளம், ஓடை, முள் எல்லாம் தாண்டிப் பல கிலோமீட்டர் போய்விடும். காவலர்கள் குதிரையில் பின்தொடர்ந்து, அது விழும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். ஆற்றில் விழுந்தால் மூழ்கிவிடும், ஒரு பக்கமாகக் கிடந்தே நேரம் போனால் உடல் சூடேறி மூச்சுத் திணறும். அளவு கொஞ்சம் கூடினால் எழுந்திருக்காது. குறைந்தால் ஆட்கள் நெருங்கும்போது எழுந்து நிற்கும். எது மோசம் என்று சொல்வது கடினம். தொடக்க நாட்களில் சில விலங்குகள் இறந்தும் போயின.

கைகொடுத்தது எட்டார்பின் என்ற மருந்து. எம்99 என்ற குறியீட்டுப் பெயரில்தான் காட்டிலாக்காக்காரர்கள் அதை அறிவார்கள். பிரிட்டனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபினைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வீரியம் கொண்டது. சில மில்லிகிராம் போதும், முழு வளர்ச்சியடைந்த காண்டாமிருகம் நிமிடங்களில் தள்ளாடத் தொடங்கும். தவறிப் போய் மனிதர் மேல் சிறிது பட்டால் ஆளே போய்விடலாம். அதை முறிக்கும் மாற்று மருந்தும் இருந்தது. ஊசி போட்டுச் சாய்த்து, இன்னொரு ஊசி போட்டு எழுப்பி, கயிற்றைப் பிடித்துத் தள்ளாட்டத்தோடேயே பெட்டிக்குள் நடத்திவிடலாம். பிறகு தடித்த மரத்தூண்களை நெருக்கமாக நட்ட பட்டியில் வைத்துத் தீவனம் பழக்குவார்கள். வெள்ளைக் காண்டாமிருகம் வியக்கத்தக்க வேகத்தில் மனிதருக்குப் பழகிவிடும். இன்று யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் இடம் மாற்றுகிற உலகெங்குமுள்ள குழுக்கள் பயன்படுத்தும் முறைகளில் பெரும்பகுதி இந்த ஆண்டுகளில், இத்தகைய தவறுகளிலிருந்து கற்றவைதான். சாலையே இல்லாத இடங்களில் கறுப்புக் காண்டாமிருகத்தைக் கணுக்காலில் கயிறு கட்டி, தலைகீழாக ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்கிச் செல்லும் அளவுக்கு அந்தக் கலை பின்னாளில் வளர்ந்தது. அப்படித் தொங்குவது அதன் மூச்சுக்குக் கெடுதலா என்று ஆராய்ந்த குழுவுக்கு 2021இல் இக் நோபல் என்ற நகைச்சுவைப் பரிசு கிடைத்தது. கெடுதல் இல்லை, பக்கவாட்டில் கிடத்துவதைவிடச் சற்று நல்லதே என்பது முடிவு.

1961இல் நான்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் க்ரூகர் பூங்காவில் இறக்கப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே அந்த இனமே இல்லை. அடுத்த பத்தாண்டுகளில் இம்ஃபொலோசி முந்நூறுக்கு மேல் அங்கே அனுப்பியது. 1970இல் விப்ஸ்னேடுக்கு இருபது, 1971இல் சான் டியேகோவுக்கு இருபது. நமீபியா, போட்ஸ்வானா, கென்யா, ஸ்வாசிலாந்து என்று பட்டியல் நீண்டது. கொடுத்த இடமெல்லாம் பிழைக்கவில்லை. கென்யாவின் மேரு பூங்காவுக்கு அனுப்பியவை காவலர்கள் கண்ணெதிரே நாள்தோறும் பட்டிக்கு வந்து போகும் அளவுக்குப் பழகியிருந்தன. 1988இல் ஆயுதக் கும்பல் ஒன்று வந்து எஞ்சியிருந்தவற்றை ஒரே மூச்சில் சுட்டுத் தள்ளிவிட்டுப் போனது.

தனியார் பண்ணைகளுக்கும் விற்றார்கள். 1968இல் அளவோடு வேட்டையாடவும் அனுமதித்தார்கள். 1989இல் நேட்டால் பூங்கா வாரியம் விலங்குகளை ஏலத்துக்கு விட்டதும் விலை பன்மடங்கு ஏறியது. விலங்கை நேசிப்பவர்களுக்கு இது படிக்கச் சங்கடமான பகுதி. ஆனால் பண்ணைக்காரர்கள் மாட்டை அகற்றிவிட்டுக் காண்டாமிருகம் வளர்க்கத் தொடங்கியது அந்த விலையால்தான். இன்று தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகங்களில் பாதிக்கும் மேல் தனியார் நிலங்களில் இருக்கின்றன. ஒரு காலத்தில் மாட்டுக்காகக் காட்டை அழித்தவர்களின் பேரன்கள் வேலியை மாற்றிக் கட்டினார்கள். கொள்கைக்காக மாறியவர்கள் சிலர், கணக்குப் பார்த்து மாறியவர்கள் பலர்.

கொடுத்தும் இம்ஃபொலோசியில் குறையவில்லை. நார்மன் ஓவன்-ஸ்மித் என்ற விலங்கியலாளர் அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கி, வெள்ளைக் காண்டாமிருகம் எப்படி இடத்தைப் பிரித்துக்கொள்கிறது, இளம் விலங்குகள் எப்போது தாய்மண்ணை விட்டு வெளியே நடக்கின்றன என்று குறித்துவைத்தார். அதிலிருந்து ஒரு நடைமுறை பிறந்தது. காட்டின் ஓரங்களில் சில பகுதிகளில் மட்டும் விலங்குகளைப் பிடித்து, அந்தப் பகுதிகளை வெறுமையாக வைத்திருப்பது. உள்ளே நெருக்கடி ஏற்பட்டால் தானாகவே வெளியேறுபவை அங்கே வந்து சேரும். அவற்றைப் பிடித்து அனுப்பலாம், நடுக்காட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம். வெள்ளைக் காண்டாமிருகம் மழித்த இடத்தில் குட்டையான புல்தரை உருவாகிறது, காட்டுத்தீ அங்கே வந்து தணிகிறது, சிறு மான்கள் அங்கே மேய்கின்றன என்பதும் இங்கே நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. இதற்கிடையே சிங்கமும் திரும்பிவந்தது. 1958இல் எங்கிருந்தோ ஒரு ஆண் சிங்கம் தானாகவே நடந்து வந்து காட்டில் குடியேறியது. பெண் சிங்கங்களை மனிதர்கள்தான் பிறகு கொண்டுவந்து விட்டார்கள்.

வடக்கத்திய வெள்ளைக் காண்டாமிருகத்தின் கதியை எதிரே வைத்துப் பார்த்தால் இந்தக் காட்டின் வேலை எவ்வளவு பெரியது என்பது புரியும். 1960ஐ ஒட்டி, தெற்கில் சில நூறு இருந்தபோது, வடக்கில் உகண்டா, சூடான், காங்கோ நாடுகளில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. அதை யாரும் பிரித்து ஊருக்கு ஊர் வைக்கவில்லை. உள்நாட்டுப் போர்களில் அது கரைந்தது. சூடான் என்று பெயரிடப்பட்ட கடைசி ஆண் கென்யாவின் ஓல் பெஜேட்டா காப்பகத்தில் 2018 மார்ச் 19 அன்று இறந்தது. இப்போது நஜின், ஃபாட்டு என்ற தாயும் மகளும் மட்டும். இரண்டாலும் கருவைச் சுமக்க முடியாது. சேமித்து வைத்த விந்தையும் ஃபாட்டுவின் முட்டையையும் சேர்த்து ஆய்வகத்தில் உண்டாக்கும் கருக்களைச் சுமக்கத் தெற்கத்தியப் பெண் விலங்குகளைத்தான் நாடுகிறார்கள். முதலில் தெற்கத்தியக் கருவையே வைத்துச் சோதித்தார்கள். அது தரித்த செய்தி 2024 ஜனவரியில் வந்தது. சுமந்த தாய் அதற்குள் பாக்டீரியத் தொற்றில் இறந்துவிட்டிருந்தது. வடக்கத்திய இனம் காட்டில் கடைசியாக வாழ்ந்த காங்கோவின் கரம்பா பூங்காவுக்கு 2023 ஜூனில் பதினாறு வெள்ளைக் காண்டாமிருகங்கள் போய் இறங்கின. அவையும் தெற்கத்தியவை. இம்ஃபொலோசிக்கு வடக்கே ஒரு தனியார் காப்பகத்திலிருந்து புறப்பட்டவை.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், 2012ஐ ஒட்டி ஆப்பிரிக்காவில் வெள்ளைக் காண்டாமிருகம் 21,000ஐத் தாண்டியது. ஆனால் அதற்கு முன்பே காற்று திசை மாறியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் திருட்டு வேட்டைக்கு 2007 வரை ஆண்டுக்குச் சில பத்துகளே பலியாயின. 2008இல் 83. 2010இல் 333. 2014இல் 1,215. கொம்பு நம் நகத்தில் உள்ள கெராட்டின்தான், அதில் மருந்து எதுவும் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் வியட்நாமிலும் சீனாவிலும் விலை இறங்கவில்லை. முதல் அடி க்ரூகருக்கு. பத்தாயிரத்துக்கு மேல் பெருகியிருந்த அங்கே 2020இல் மிஞ்சியவை சுமார் 2,600. அங்கே விலங்கு அருகியதும், காவல் இறுகியதும், கும்பல்கள் தெற்கே திரும்பின. 2023இல் நாடு முழுவதும் கொல்லப்பட்ட 499இல் 325 குவாசுலு–நேட்டால் மாகாணத்தில். அவற்றிலும் முந்நூறுக்கு மேல் ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசியில் மட்டும்.

நீண்ட எல்லை, பழுதான வேலி, போதாத பணம், ஆள் குறைவு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. உள்ளேயிருந்தே தகவல் போவது பற்றிய சந்தேகங்களும் எழுந்தன. காட்டை ஒட்டிய சூலு கிராமங்களில் வேலையில்லாத இளைஞர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தக் காட்டால் என்ன கிடைக்கிறது என்ற கேள்வியைப் பூங்கா நிர்வாகம் நெடுங்காலம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

தனியார் வளர்ப்பின் கணக்கும் சரிந்தது. கொம்பை வெட்டிச் சட்டப்படி விற்கலாம் என்று நம்பி ஜான் ஹியூம் என்பவர் தன் பண்ணையில் 2,000 காண்டாமிருகங்களை வளர்த்திருந்தார். சர்வதேச வணிகத் தடை நீங்கவில்லை, காவல் செலவு தாளவில்லை. 2023இல் மொத்தப் பண்ணையையும் ஏலம் விட்டார். ஒருவரும் கேட்கவில்லை. ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற அமைப்பு அந்த ஆண்டு செப்டம்பரில் வாங்கியது. பத்தாண்டுகளுக்குள் எல்லாவற்றையும் கண்டம் முழுக்கப் பாதுகாப்பான காடுகளுக்குப் பிரித்து அனுப்புவது திட்டம். 1961இல் தொடங்கிய வேலைதான், லாரிக்குப் பதில் சரக்கு விமானம்.

2024 ஏப்ரலில் ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசியில் காண்டாமிருகங்களின் கொம்புகளை வெட்டும் பணி தொடங்கியது. ஹெலிகாப்டரிலிருந்து ஊசி, கண்ணுக்குத் துணிக் கட்டு, மின்ரம்பம், சில நிமிடங்கள். நகத்தை வெட்டுவது போல வலியில்லை. வளரும் அடிப்பகுதியை விட்டு மேலே வெட்டுகிறார்கள். அந்த ஆண்டு மாகாணத்தில் கொல்லப்பட்டவை 232 ஆகக் குறைந்தன. க்ரூகரைச் சுற்றியுள்ள பதினொரு காப்பகங்களின் கணக்கைப் பார்த்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. கொம்பை வெட்டிய இடங்களில் திருட்டு வேட்டை 78 விழுக்காடு குறைந்ததாகவும், அதற்கான செலவு மொத்தக் காவல் செலவில் 1.2 விழுக்காடுதான் என்றும் அது சொன்னது. அடிக்கட்டைக்காகவும் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அதே ஆய்வு குறித்தது. கொம்பிழந்த கறுப்புக் காண்டாமிருகங்கள் தம் நடமாட்டப் பரப்பைச் சுமார் 45 விழுக்காடு சுருக்கிக்கொண்டு, மற்றவற்றைச் சந்திப்பதைத் தவிர்க்கின்றன என்று அதற்கு முன்பே வேறொரு ஆய்வு காட்டியிருந்தது. வெட்டிய கொம்பு மறுபடி வளரும் என்பதால் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு விலங்கையும் மறுபடி மயக்கிச் சாய்க்க வேண்டும். நியலாஸி வாயிலில் நுழைகிறவர்களின் கேமராவில் இப்போது பெரும்பாலும் விழுவது கொம்பில்லாத காண்டாமிருகம்தான். கொம்போடு ஒன்றாவது கிடைக்காதா என்று கேட்கிறவர்களுக்கு அந்தக் காடு தரும் பதில் அதுதான்.